ஸ்டியரிங் ஆடினால் ரேக்கை மாற்ற வேண்டுமா?

பழைய கார் பட்டறை: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டியரிங் பற்றியவை. துரு, பெயிண்ட், கார்புரேட்டர் எல்லாம் அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம். காத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணா, என்னிடம் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் இருக்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. பள்ளத்தில் இறங்கினால் கையில் ‘டக்’ என்று ஒரு தட்டு. பக்கத்துப் பட்டறையில் ரேக் போய்விட்டது, முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடவா? (வாசகர், ஹாரோ, லண்டன்)

பொறுங்கள் தம்பி. ரேக் என்பது ஸ்டியரிங்கின் திருப்பலை வாங்கிச் சக்கரங்களை இடமும் வலமும் தள்ளுகிற பல் வெட்டிய தண்டு. எம்ஜிபியில் அது லேசில் சாகிற சாமான் இல்லை. ஓரத்து ரப்பர் பூட் கிழிந்து, எண்ணெய் ஒழுகி, உள்ளே தண்ணீர் புகுந்தால்தான் அதற்குக் கேடு. பூட் முழுசாக இருந்தால் ரேக்கைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். பட்டறைக்காரர்கள் அதை முதலில் சொல்வதற்குக் காரணம், ஒரே பில்லில் வேலை முடிந்துவிடும். அவ்வளவுதான்.

ஸ்டியரிங் காலம் (column, ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்குகிற தண்டு) கீழே வந்து முடிகிற இடத்தையும் ரேக்கின் பினியனையும் (ரேக்கை நகர்த்துகிற சின்னப் பல்சக்கரம்) ஒரு சின்ன யுனிவர்சல் ஜாயிண்ட் சேர்க்கிறது. நம் ஆட்கள் யூஜே என்பார்கள். இரண்டு கவை, நடுவில் ஒரு கிராஸ், கிராஸின் நான்கு முனையிலும் ஊசி பேரிங். அரை நூற்றாண்டு சாலைத் தண்ணீரும் உப்பும் அதன் மேல்தான் தெறித்திருக்கின்றன. உங்கள் ஊரில் பனிக்காலத்தில் தெருவெல்லாம் உப்பைக் கொட்டுகிறார்களே, அது போதும்.

சோதனை சுலபம், செலவில்லை. காரை ஜாக்கியில் ஏற்றாதீர்கள், நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். எஞ்சினை நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து யூஜேயைத் தேடுங்கள். எம்ஜிபியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் இடது பக்கம். அதனால் உங்களுடையது போன்ற வலது ஸ்டியரிங் காரில் கை போக இடம் இருக்கும். மேல் கவையும் கீழ் கவையும் சந்திக்கிற இடத்தில் விரலைக் குறுக்கே வையுங்கள். மேல் கவை நகர்ந்து, கீழ் கவை ஒரு கணம் சும்மா இருந்து, அப்புறம் நகர்ந்தால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டது. கண்ணால் பார்த்தால் ஏமாறலாம், விரல் ஏமாறாது.

இரண்டு கவையும் சேர்ந்தே அசைகிறதா? அப்படியானால் கீழே இறங்குங்கள். பினியன் திரும்பியும் டை ராட் (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி) அசையாமல் இருந்தால் ரேக். டை ராட் அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் அதன் நுனியில் உள்ள பால் ஜாயிண்ட். ரேக்கைக் கிராஸ்மெம்பரோடு (முன் சஸ்பென்ஷனைத் தாங்குகிற குறுக்கு இரும்பு) பிடித்திருக்கிற போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் ரேக்கே மொத்தமாக இப்படியும் அப்படியும் போகும், அதுவும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஸ்டியரிங் ஆட்டமாகத்தான் தெரியும். முன்சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னையும் மறக்காதீர்கள். எம்ஜிபி கிங்பின்னுக்கு கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. அதில் கிரீஸ் கன்னை வைப்பவர்கள்தான் குறைவு. கம்பிச் சக்கரம் போட்ட காராக இருந்தால் ஹப்பின் ஸ்பிளைன் (ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற பல் வரிசை) தேய்ந்தும் ‘டக்’ வரும், ஆனால் அது பெரும்பாலும் பிரேக் போடும்போது வரும்.

நீங்கள் சொல்கிற இரண்டு விரல் ஆட்டம் ஒரே இடத்திலிருந்து வருவது அபூர்வம். யூஜேயில் பாதி, பால் ஜாயிண்டில் கொஞ்சம், கிங்பின்னில் மீதி என்று இருக்கக்கூடும். மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

யூஜேதான் என்று உறுதியாகிவிட்டது. போன வருடம்தான் ஒரு பட்டறையில் புதிது போட்டார்கள், மறுபடி ஆடுகிறது. இந்த முறை நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். முடியுமா? என்ன கவனிக்க வேண்டும்? என்னுடையதும் எம்ஜிபிதான். (வாசகி, ரெடிங்)

முடியும் அம்மா. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘போன வருடம்தான் புதிது போட்டார்கள்’ என்கிற வரி. பழையது தேய ஐம்பது வருடம் ஆனது, புதியது ஒரு வருடத்தில் போனது என்றால் பழி யூஜே மேல் மட்டும் இல்லை. அது ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் இன்னொன்று போட்டால் அடுத்த வருடமும் எனக்கு எழுதுவீர்கள்.

யூஜே வளைந்து திரும்பும். அதற்காகத்தான் அதைப் படைத்தார்கள். ஆனால் பக்கவாட்டு விலகலை அது தாங்காது. காலத்தின் நடுக்கோடும் பினியனின் நடுக்கோடும் ஒரு கோணத்தில் சந்திக்கலாம், அந்தச் சந்திப்பு கிராஸின் நட்டநடுவில் நடக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் கிராஸைப் பக்கவாட்டில் இழுக்கும். ஊசி பேரிங்குகள் கிண்ணத்தில் தடம் பதிக்கும். முதலில் ஸ்டியரிங் சில இடங்களில் இறுகும், அப்புறம் ஆடத் தொடங்கும். போன வருடம் மாற்றிய புதிதில் ஸ்டியரிங் இறுக்கமாக இருந்ததா, யோசித்துப் பாருங்கள். ‘புதுசு, ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்று சொல்லியிருப்பார்களே?

எம்ஜிபியில் இந்த விலகல் வர ஒரு நல்ல காரணம் இருக்கிறது. காலம் பாடியோடு பிடித்திருக்கிறது. ரேக் கிராஸ்மெம்பர் மேல் இருக்கிறது. பாடிக்கும் கிராஸ்மெம்பருக்கும் நடுவில் ரப்பர் பேடுகள். அந்த ரப்பர் வருடக்கணக்கில் நசுங்கி இறங்கும்போது, அல்லது யாரோ சஸ்பென்ஷன் வேலை பார்த்துப் புதிது போடும்போது, ரேக்கின் உயரம் மாறும், காலம் அதே இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட யூஜே, மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளையைப் போல எல்லாப் பக்கமும் இழுபடும். முன்பக்கம் எப்போதாவது மோதி நிமிர்த்திய காராக இருந்தாலும் இதே கதை. ஆகவே முதலில் அந்த பேடுகளைப் பாருங்கள்.

இனி வேலை. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கும் நேராக இருக்கிறதா பாருங்கள். காலம், யூஜே, பினியன் மூன்றிலும் ஒரே கோடாக வெள்ளை பெயிண்டால் அடையாளம் போடுங்கள். இந்த ஒரு கோடு பின்னால் பெரிய தலைவலியைத் தவிர்க்கும். யூஜேயின் இரண்டு முனையிலும், கவையை ஷாஃப்ட்டோடு இறுக்கிப் பிடிக்கிற பிஞ்ச் போல்ட் ஒவ்வொன்று இருக்கும். தளர்த்தினால் மட்டும் போதாது, முழுசாக வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் போல்ட் ஷாஃப்ட்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது. இதைத் தெரியாமல் சுத்தியலும் கையுமாக நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் டாஷ்போர்டுக்குக் கீழே காலத்தைப் பிடித்திருக்கிற பிராக்கெட், காலடியில் உள்ள தகடு இரண்டின் போல்ட்டுகளையும் எடுத்து, காலத்தை உங்கள் பக்கம் கொஞ்சம் இழுத்தால் யூஜே பினியனிலிருந்து விடுபடும். எந்த போல்ட்டுக்கு அடியில் எத்தனை பேக்கிங் வாஷர் இருந்தது என்று மொபைலில் படம் எடுத்து வையுங்கள். ‘இது எதற்கு’ என்று ஒன்றைக்கூடத் தூக்கி எறியாதீர்கள், தொழிற்சாலையில் காரணத்தோடுதான் போட்டிருக்கிறார்கள்.

ஸ்பிளைன் துருப்பிடித்து வரமாட்டேன் என்றால் முந்தின நாளே துரு எண்ணெயை ஊற்றி ஊறவையுங்கள். கவையின் பிளவில் ஒரு உளியை மெல்லக் கொடுத்துத் துளி விரித்தால் கழன்று வரும். பினியனை அடிக்காதீர்கள், ரேக்கின் பேரிங் அடி வாங்கும். காலத்தையும் அடிக்காதீர்கள். சில ஆண்டு மாடல்களில் மோதினால் மடங்கிக்கொள்கிற காலம் இருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் பின்கள். ஒரே அடியில் அவை உடையும், வெளியே எதுவும் தெரியாது.

புது யூஜே வாங்கும்போது பெட்டியைப் பார்க்காமல் சாமானைக் கையில் எடுத்து, இரண்டு திசையிலும் மடக்கிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு மடங்க வேண்டும். எங்காவது கடித்தால், சொரசொரத்தால், வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். மலிவுச் சரக்கில் இது சகஜம்.

மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். எம்ஜி தொழிற்சாலையின் மேனுவலில் இதற்கென்றே ஒரு கருவி சொல்லியிருக்கிறார்கள்: காலத்தின் நுனியில் ஒரு கூர்முனை, பினியனின் நுனியில் ஒரு கூர்முனை. யூஜே இல்லாமல் இரண்டையும் மாட்டி, முனையோடு முனை சந்திக்கிற வரை காலத்தையும் ரேக்கையும் நகர்த்தி, இடைவெளியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுக்க வேண்டும். கருவி கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் இரண்டு மூடி கடைந்து வாங்கிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. அதுவும் முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். யூஜேயை மாட்டி, பிஞ்ச் போல்ட்டுகளை இறுக்கி, காலத்தின் போல்ட்டுகளையும் ரேக் போல்ட்டுகளையும் விரல் இறுக்கத்தில் விட்டு, முன்பக்கத்தைத் தூக்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் திருப்புங்கள். தானாகவே அவை தமக்கு வசதியான இடத்தில் உட்காரும். அங்கேயே வைத்து, எங்கே இடைவெளி தெரிகிறதோ அங்கே ஷிம்மைச் செருகி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டை இறுக்கிய பிறகும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒன்றை இறுக்கியதும் ஸ்டியரிங் கனத்தால் அந்த போல்ட் எதையோ வளைத்து இழுக்கிறது. அதற்கு அடியில் ஷிம் போதவில்லை. இரும்பை போல்ட்டால் இழுத்துச் சேர்ப்பதுதான் போன வருடம் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிஞ்ச் போல்ட்டுகளும் நட்டுகளும் புதிதாக, சரியான கிரேடில் இருக்கட்டும். டப்பாவில் உருண்டுகிடக்கிற ஏதோ ஒரு போல்ட் இங்கே ஆகாது. டார்க் ரென்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கி, தலையில் ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் நகர்ந்திருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டியரிங் கோணலாக இருந்தால் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டீர்கள். நேராக்க ஸ்டியரிங் வீலைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டாம். இண்டிகேட்டர் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் விடுபட ஆரம்பிக்கும். யூஜேக்கே திரும்பப் போங்கள்.

ஜெர்மனியில் இருக்கிறேன். 1988 போர்ஷே 944 டர்போ, இடது ஸ்டியரிங். ஆட்டமே இல்லை, அதற்கு மாறாகத் திருப்பினால் இறுகுகிறது, வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேராவதில்லை. நண்பர் ஒருவர் ஷாஃப்ட்டின் ஜாயிண்டில் ஸ்ப்ரே எண்ணெய் அடித்தார், இரண்டு வாரம் நன்றாக இருந்தது. (வாசகர், டோர்ட்மண்ட்)

உங்கள் நண்பர் தெரியாமல் நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார், வைத்தியம்தான் தவறு. எண்ணெய் அடித்ததும் சரியானது என்றால் இறுகியிருப்பது ஷாஃப்ட்டின் ஜாயிண்ட். ஆனால் அந்த மெல்லிய எண்ணெய் உள்ளே மிச்சமிருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருக்கும். இனி வேகமாக இறுகும்.

உறுதி செய்துகொள்ள முன்பக்கத்தைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில், அரைச் சுற்று இடைவெளியில் இறுகினால் அது யுனிவர்சல் ஜாயிண்டின் கையெழுத்து. நடுவில் மட்டும் ஒரே இடத்தில் இறுகினால் ரேக். சுற்றிலும் ஒரே சீராகக் கனமாக இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

944 டர்போவில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வலது பக்கம் இருந்தாலும் டர்போவை இடது பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். உங்கள் ஸ்டியரிங் ஷாஃப்ட்டும் அந்தப் பக்கம்தான். அந்த வெப்பத்தில் கிரீஸ் காய்ந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. வெப்பத் தகடுகள் இடத்தில் இருக்கின்றனவா பாருங்கள். பழைய வேலைகளில் கழற்றிவிட்டு மாட்டாமல் விட்டிருப்பார்கள். எஞ்சின் மவுண்ட்டுகளையும் பாருங்கள். இந்தக் காரில் அவை உள்ளே திரவம் உள்ள வகை, வயதானால் அமுங்கி எஞ்சின் கீழே இறங்கும்.

இந்த ஜாயிண்டுகளைப் பிரித்து மாற்ற போர்ஷே வழி வைக்கவில்லை, ஷாஃப்ட்டை முழுசாகத்தான் மாற்ற வேண்டும். புதிய கிராஸ் போட்டுக் கொடுக்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுக்கலாம். வீட்டில் வைஸில் பிடித்து அடித்து மூடுகிற வேலை வேண்டாம். மாட்டும் முறை எம்ஜிபிக்குச் சொன்னதுதான்: கோடு போடுங்கள், போல்ட்டை முழுசாக எடுங்கள், புது நட் போடுங்கள். ஷாஃப்ட் வெளியே இருக்கிற நேரத்தில் ஸ்டியரிங் வீல் சுற்றாமல் கட்டி வையுங்கள். காரணம் கீழே இன்னொரு பதிலில் இருக்கிறது.

30 வயது தாண்டிய காருக்கு, பழமைக் கார்களுக்கான எச் நம்பர் பிளேட் வாங்கியிருப்பீர்கள். அதற்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சோதனை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். சோதனை வரை காத்திருக்க வேண்டாம். இறுகின ஜாயிண்ட் வளைவில் ஸ்டியரிங்கைத் திரும்பி வரவிடாது, மழையில் அதை அனுபவிக்க வேண்டாம்.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. ஸ்டியரிங் காலத்தின் கீழே இருக்கிற ரப்பர் கப்ளிங் வெடித்திருந்தது, புதிது போட்டேன். ஸ்டியரிங் அருமை. ஆனால் அன்றிலிருந்து ஹார்ன் அடிக்கவில்லை! ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அப்பா சென்னையில் ஹெரால்டு கார் வைத்திருந்தார், அவரும் கைவிரித்துவிட்டார். (வாசகர், பர்மிங்காம்)

இந்தக் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் தொழில் கற்றதே மதராஸில் ஹெரால்டு பார்க்கிற ஒரு பட்டறையில். ஸ்பிட்ஃபயர் பிறந்தது ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கித்தான். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961-ல் மதராஸில் ஹெரால்டு செய்யத் தொடங்கியது. ஆகவே உங்கள் அப்பாவின் காரும் உங்கள் காரும் பங்காளிகள்.

ஹார்னுக்கு வருவோம். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான் ஹார்னுக்கு எர்த் கொடுக்கிறது. அந்த எர்த் காலத்தின் வழியாகக் கீழே போய், ரேக் வழியாக சேஸிக்குப் போக வேண்டும். நடுவில் உங்கள் புது ரப்பர் கப்ளிங். ரப்பரில் கரண்ட் போகுமா? பழைய கப்ளிங்கின் ஒரு பக்கத்தையும் மறுபக்கத்தையும் இணைத்து ஒரு சின்ன எர்த் இணைப்பு இருந்திருக்கும். புதியதில் அது இல்லை, அல்லது மாட்டாமல் விட்டிருக்கிறீர்கள். பொத்தானை ஒருவர் அழுத்தட்டும், நீங்கள் ஒரு வயரின் முனையைக் காலத்தின் அடியிலும் மறுமுனையைச் சேஸியிலும் தொடுங்கள். ஹார்ன் அலறும். அப்புறம் வளையக்கூடிய பின்னல் வயர் ஒன்றைக் கப்ளிங்கின் குறுக்கே போல்ட் செய்துவிடுங்கள். அப்போதும் வராவிட்டால் ரேக்கைப் பாருங்கள், அதுவும் ரப்பர் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் ஒரு எர்த் ஸ்ட்ராப் வேண்டும்.

கழற்றியது கழற்றினீர்கள், காலத்தின் நடுவில் உள்ள கிளாம்ப்பையும் ஒரு தடவை பாருங்கள். அதில் ஆலன் ஸ்க்ரூவும் அதற்கு ஒரு லாக் நட்டும் இருக்கும். இரண்டு துண்டான ஷாஃப்ட்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஹார்ன் இல்லாமல் வீடு போய்ச் சேரலாம், அது தளர்ந்தால் சேர முடியாது.

என் கார் 1974. இங்கிலாந்தில் எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனையே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அப்படியிருக்க ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் என்ன? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

2018 மே முதல் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு விலக்கு உண்டு, சரிதான். விலக்கு சோதனைக்குத்தான். ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளியும் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விலக்கு இருந்தாலும் கேட்டால் சோதித்துக் கொடுப்பார்கள். வருடம் ஒரு முறை கொண்டுபோய்க் காட்டுங்கள். நம் கண்ணுக்குப் பழகிப்போன ஆட்டம் சோதிப்பவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

தேய்ந்த ஸ்பிளைனை வெல்டிங் வைத்துவிட்டால் என்ன? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

வேண்டாம்.

மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் மாடல், ஏர்பேக் உள்ளது. ஸ்டியரிங் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஏர்பேக் வெடித்துவிடுமா என்று மனைவி பயப்படுகிறார். (வாசகர், டொராண்டோ)

அவர் பயப்படுவது நல்லதுதான். பேட்டரியைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஷாஃப்ட் வேலைக்கு ஏர்பேக்கைத் தொடவே வேண்டாம்.

ஆனால் நிஜமான ஆபத்து வேறு. ஸ்டியரிங் வீலுக்குப் பின்னால் சுருள் போல ஒரு நாடா வயர் இருக்கிறது. ஏர்பேக்குக்குக் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப எத்தனை சுற்று வேண்டுமோ அத்தனைக்குத்தான் அதில் நீளம். ஷாஃப்ட் கழன்ற பிறகு ஸ்டியரிங்கைத் தடுக்க ஆள் இல்லை. யாராவது உள்ளே ஏறும்போது கை பட்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் நாடா அறுந்துவிடும். இன்னும் மோசம், யாரும் கவனிக்காமல் ஒரு சுற்றுத் தள்ளி மாட்டிவிட்டால், பின்னொரு நாள் முழுசாக வளைக்கும்போது அறுந்து, ஏர்பேக் விளக்கு எரியும். சக்கரத்தை நேராக வைத்து, சாவியை எடுத்து ஸ்டியரிங் லாக் விழவையுங்கள். அதன் மேல் சீட் பெல்ட்டையும் வீலுக்குள் நுழைத்துக் கட்டிவிட்டு, அதற்கப்புறம் கீழே ஸ்பேனரை வையுங்கள். வேலை முடிகிற வரை வீட்டுக் குழந்தைகள் காருக்குள் ஏறாதபடி கதவையும் பூட்டிவிடுங்கள்.